வார்னிஷ் கை பட்ட காசு

செம்பைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மீசை முளைத்த நாளிலிருந்து எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறேன். கருகிய கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, பஞ்சு நாடாவால் இறுக்கி, வார்னிஷில் முக்கி, காயவைத்து, ஓடவிட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பிடுங்கிய கம்பியைப் பழைய சாமான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுவேன். அதனால் காலையில் பேப்பர் வந்ததும் எல்லோரும் தலைப்புச் செய்தியைப் பார்த்தால் நான் செம்பு விலையைப் பார்ப்பேன். ஏறியிருந்தால் அன்றைக்கு நான் நல்ல மனிதன். இறங்கியிருந்தால் பட்டறையில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவன் கையில் அந்தச் சின்னக் காசு சிக்கினால் சும்மா விடுவானா? புழக்கத்தில் இருப்பதிலேயே சின்னது அதுதான். செம்பு நிறம். ஒரு காலத்தில் அதை முழுச் செம்பிலேயே அடித்தார்கள். செம்பு விலை ஏறியதும் அரசாங்கம் விழித்துக்கொண்டு, உள்ளே இரும்பை வைத்து மேலே செம்பைப் பூசிவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தத்தைக் காட்டினால்தான் சாயம் வெளுக்கும். புதுக்காசு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், பழையது இருந்த இடத்தைவிட்டு அசையாது.

வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் ஒரு பழைய காசை எடைபோட்டு, அன்றைய செம்பு விலையோடு கணக்குப் பார்த்தேன். காசின் மேல் எழுதியிருக்கும் மதிப்பைவிட உள்ளே இருக்கும் செம்பின் விலை அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இவ்வளவு பேர் கணக்குப் படித்து என்ன பயன், இது ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்கு மிச்சம் வைப்பார்களா என்று அடுத்த நிமிடமே பயம் வந்தது. அன்றைக்கே பெயிண்ட் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன்.

காசுக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. என் மனைவிக்குச் சொந்தமாக ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு பக்கம் கல்லூரி, அடுத்த தெருவில் ஒரு அரசாங்க அலுவலகம். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று நகலெடுக்க வருகிறவர்கள் எல்லோரும் சின்னக் காசில்தான் கணக்குத் தீர்க்க வேண்டும். ஆகவே ஊரில் சுற்றும் சின்னக் காசுகளில் பாதி அவள் கல்லாவுக்கு ஒருமுறையாவது வந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு அரை ஷட்டர் போட்டதும் நான் போய் உட்காருவேன். அவள் கல்லாவை மேஜைமேல் கவிழ்ப்பாள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நான் குவியலுக்கு மேல் ஓட்டுவேன். இரும்புக் காசெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போய்விடும். மிச்சம் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, எந்த வருடத்துக் காசு என்று பார்த்து ஒதுக்குவேன். அதற்குச் சரியான நோட்டைக் கல்லாவில் வைத்துவிட்டுத்தான் காசை எடுப்பேன், பெண்டாட்டி கடை என்றாலும் கணக்குக் கணக்குதான். அவள் எதிரே உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வாள். எந்த அதிகாரியின் கையெழுத்து புரியாமல் யார் திரும்பி வந்தார்கள், எந்தப் பையன் காதல் கடிதத்தை மெஷினிலேயே மறந்துவிட்டுப் போனான் என்று எல்லாம் வரும். நான் ஊம் கொட்டிக்கொண்டே காசு பொறுக்குவேன்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். வார்னிஷ் கை என்பது சோப்புக்கு அசையாத கை. அதனால் வீட்டில் நான் எதைத் தொட்டாலும் அவளுக்கு ஆகாது. கதவில் கறை, துண்டில் கறை, டம்ளரில் கறை என்று நாள் முழுக்கப் பாட்டு விழும். காசைத் தொடும்போது மட்டும் கையைக் கழுவு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது ஏன் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை.

டப்பா நிறைந்ததும் மூடியை அழுத்தி, சுற்றிலும் பஞ்சு நாடாவைக் காயில் கட்டுவதுபோல் வலப்பக்கமாகச் சுற்றி, அவள் கடையின் பின்னறையில் காகிதக் கட்டுகளுக்குக் கீழே அடுக்குவேன். வீட்டில் வைத்தால் வருகிற போகிறவர்கள் கண்ணில் படும் என்பது என் ஏற்பாடு. ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு வரிசையாகி, வரிசை அடுக்காகி உயர்ந்தது.

என் மைத்துனன், அதாவது அவள் தம்பி, என் பட்டறையிலேயே ஒரு மூலையில் லேத் போட்டிருக்கிறான். வாய்க்குப் பூட்டு இல்லாதவன். "மாமா, வெளிய போயிருந்தா ஊரைச் சுத்திட்டு வந்திருக்கும். டப்பாவுல போட்டு மூடி வச்சா குட்டியா போடப்போகுது?" என்று கேட்டான். லேத்தில் சீவி விழும் பித்தளைத் தூளைக் கூட்டிப் பெருக்கி எடைக்குப் போடுகிறவன் எனக்குப் புத்தி சொல்கிறான். பேசாமல் வேலையைப் பார் மாப்ளே என்று அடக்கினேன்.

இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தேன். பழைய காசுகளின் மேல், சரியாக வருடம் போட்டிருக்கும் இடத்தில், ஒரு பழுப்புக் கறை ஏறியிருந்தது. புதுக் காசில் அது இல்லை. சந்தேகம் தீரக் கறையுள்ள காசுகளை மட்டும் பொறுக்கிக் காந்தத்தைக் காட்டினேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. நிஜச் செம்புக்கு வயசானால் இப்படித்தான் பழுப்பு ஏறும் என்று எனக்கு விளங்கிவிட்டது. மைத்துனனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காற்றும் ஈரமும் செம்பை எப்படித் தின்னும் என்று விலாவாரியாக விளக்கினேன். அவன்கூட அன்றைக்குத் தலையை ஆட்டினான். அதோடு காந்தத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். என் கண்ணே போதும் என்ற திமிர் எனக்கு. அதற்குப் பிறகு பழுப்புக் காசு வாராவாரம் குறையாமல் வந்தது. ஊரில் இன்னும் இவ்வளவு செம்பு சுற்றுகிறதா என்று எனக்கே ஆச்சரியம்.

இந்த நேரத்தில்தான் கடைக்கு எதிர்வரிசையில் ஒரு தம்பி புதிதாக ஜெராக்ஸ் கடை திறந்தான். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வண்ணத்தில் நகலெடுக்கும் மெஷின், கூடவே உதவிக்கு இன்னொரு மெஷின். என் மனைவியின் மெஷினோ ஒரு பக்கம் எடுத்தால் ஓரத்தில் கறுப்புக் கோடு போடும், இரண்டாம் பக்கத்தில் காகிதத்தை மென்று துப்பும். அதன் மோட்டாருக்கு நானே இரண்டு தடவை காயில் கட்டிவிட்டேன். மோட்டார் தங்கமாக ஓடியது, மற்றதெல்லாம் கிழடு தட்டிவிட்டது. புது மெஷின் வாங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று ஒருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அழவில்லை, புலம்பவில்லை. அந்தக் கடை அவள் தன் கையால் கட்டியது. அது இல்லாத அவளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"கவலைப்படாதே. முன்பணத்துக்கு நான் இருக்கேன். அந்த டப்பாவெல்லாம் எதுக்கு வச்சிருக்கேன்னு நினைச்சே?" என்று மார்தட்டினேன்.

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சாதத்தைப் பிசைந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செம்பு விலை உச்சிக்குப் போன ஒரு திங்கட்கிழமை, அவள் காகிதம் வாங்கப் போயிருந்த நேரத்தில், டப்பாக்களை ஒரு சின்ன வண்டியில் ஏற்றினேன். மைத்துனன் கூடவே தொற்றிக்கொண்டான். என் வெற்றியைப் பார்க்கட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

பழைய சாமான் கடைக்காரருக்கும் எனக்கும் பல வருடப் பழக்கம். கம்பியைக் கையில் தூக்கியே எடை சொல்வார், தராசு அதற்குப் பிறகு ஒத்துக்கொள்ளும். டப்பாக்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். காசை உருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். உருக்கினால் தன்னைத்தான் உள்ளே வைத்து உருக்குவார்கள் என்றார். என்றைக்காவது அரசாங்கம் இந்தக் காசை நிறுத்தினால் அப்போது உருக்கலாம், அதுவரை தூங்கவைக்கத்தான் வேண்டும். தூங்குகிற சரக்குக்குப் பேப்பரில் போட்ட விலையைத் தர முடியாது, காசின் மதிப்புக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. முழுச் செம்பை வைத்துக்கொண்டு கொஞ்சத்துக்கு நான் ஏன் இறங்க வேண்டும் என்று ஏறக்குறைய சண்டைக்கே போனேன். கடைசியில் அவர் கொஞ்சம் ஏறினார், நான் கொஞ்சம் இறங்கினேன். முன்பணத்துக்கு இழுத்துப் பிடித்துத் தேறும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். பேரம் முடிந்தது என்று அவர் கையைக்கூட நீட்டிவிட்டார். அப்புறம், சும்மா ஒரு வழக்கத்துக்கு என்று சொல்லி, முதல் டப்பாவைத் தகரத் தட்டில் கொட்டிவிட்டு, தூணில் தொங்கிய பெரிய காந்தத்தை அதன் மேல் காட்டினார்.

மொத்தக் குவியலும் எழுந்து நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். தட்டில் மிச்சம் கிடந்ததை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். இரண்டாவது டப்பாவும் அதே கதை. மூன்றாவதை நானே பிடுங்கிக் கொட்டினேன். அதுவும் எழுந்து நின்றது.

"காயில்காரரே, இது செம்பு இல்ல. செம்புச் சட்டை போட்ட இரும்பு" என்றார் கடைக்காரர். இத்தனை வருடத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது. என் முகத்தில் ஈயாடவில்லை.

நான்காவது டப்பாவைத் தொடும்போதுதான் நாடாவைக் கவனித்தேன். நான் சுற்றுவது எப்போதும் வலப்பக்கம். இது இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நேர்த்தியாக, முடிச்சு உள்ளே போகும்படி, என்னைவிட நன்றாகவே சுற்றியிருந்தது. எங்கள் வீட்டில் இடதுகைக்காரர் ஒருவர்தான். மைத்துனனும் அதைப் பார்த்துவிட்டான். அக்கா என்று முணுமுணுத்தவன் அவள் கடை வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைப் பூட்டியது உலகத்தில் அந்த நாடா ஒன்றுதான்.

அவள் கடையில் மெஷினின் வயிற்றைத் திறந்துவைத்து, சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் டப்பாக்கள் திரும்பி வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். காலையில் வருகிறவர்கள் எல்லோரும் அலுவலகத்துக்காரர்கள், நோட்டை நீட்டுவார்கள். சில்லறை இல்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவது? பின்னறையில் அடுக்கடுக்காகச் சில்லறை தூங்குகிறது. அதனால் காலையில் டப்பாவிலிருந்து அள்ளிக்கொள்வாள். சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் கொடுக்கும் காசில் எடுத்த அளவை எண்ணித் திரும்பப் போட்டுவிடுவாள்.

"ஒரு காசு குறைஞ்சிருந்தா சொல்லுங்க" என்றாள்.

"காசு குறையல. செம்புதான் குறைஞ்சுபோச்சு."

"காசு காசுதானேங்க. அதை யாரு கடிச்சுப் பார்க்கிறாங்க?"

செம்பு என்றால் என்ன என்று மூச்சு விடாமல் பேசினேன். கடைசியில் தொண்டைதான் வறண்டது. அன்று நான் சாப்பிடவில்லை. அதாவது, அவள் கூப்பிடும்போது சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மெஷினைக் கழற்றிப் பார்க்க நானே கடைக்குப் போக வேண்டியிருந்தது. காலை நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே கிடையாது. மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து திருப்புளியோடு போராடிக்கொண்டே கூட்டத்தைக் கவனித்தேன். எதிர்க்கடைக்குள் ஒருவர் நோட்டோடு போவார். கையில் ஒரு மிட்டாயோடு வெளியே வருவார், முகம் சுண்டியிருக்கும். சில்லறைக்குப் பதில் மிட்டாய். ஒரு பெரியவர் அந்த மிட்டாயை என் மனைவியிடம் நீட்டி, இதை வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் எடுத்துக் கொடு என்று கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். கறுப்புக் கோடு போட்ட நகலை வாங்கிக்கொண்டு, மிட்டாய்க்கும் அவள் கொடுத்த மிச்சக் காசை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கும் இங்கேதான் வருவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவரைப்போல் ஒரு வரிசையே நின்றது. கண்ணாடிக் கதவை விட்டுவிட்டு இந்தக் கிழட்டு மெஷினுக்கு ஏன் இவ்வளவு பேர் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. என் டப்பாதான் கடையை இத்தனை நாள் தூக்கி நிறுத்தியிருக்கிறது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பெருமை கொஞ்சம் கூடுதல்.

கூட்டம் கலைந்ததும் எதிர்க்கடைத் தம்பியே தெருவைக் கடந்து வந்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய இடமாகக் கிடைத்திருக்கிறது, கடையை அங்கே மாற்றப்போகிறேன், உதவிக்கு வைத்திருக்கும் மெஷினுக்கு அங்கே வேலை இல்லை, அக்காவுக்குத் தவணையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன் என்றான். சொல்லிவிட்டுத் தயங்கினான். பிறகு, நேற்று வண்டியிலிருந்து இறக்கிய டப்பாக்களில் இருப்பது சில்லறைதானே என்று கேட்டான்.

நான் தரையிலிருந்து எழுந்தேன்.

"அண்ணே, இங்க மிட்டாய் குடுத்தே கெட்டுப்போனேன். அங்க அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன். அந்த டப்பாவெல்லாம் எனக்குக் குடுங்க. மெஷினுக்கு அதையே முன்பணமா வச்சுக்கிறேன். சில்லறைக்கு வெளிய என்ன கமிஷன் குடுக்கிறாங்களோ, அதையும் சேர்த்துக் கழிச்சுக்கலாம்" என்றான்.

கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். மனதுக்குள் கணக்குப் போட்டேன். திரும்பவும் போட்டேன். பழைய சாமான் கடைக்காரர் முழுச் செம்புக்கே தருகிறேன் என்ற கொஞ்சத்தைவிட, இந்த இரும்புக் காசுக்கு இவன் தருவது அதிகம். இத்தனை வருடம் எடைபோட்டுப் பார்த்தவனுக்கு, காசைக் காசாகவே கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஒருநாளும் பார்க்கத் தோன்றவில்லை. ஆனாலும் நான் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த காசு என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, போக்குவரத்துச் செலவையும் அவன் தலையிலேயே கட்டினேன். என் மனைவி மெஷினுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மெஷின் வந்தது. கோடு இல்லை, மெல்லவில்லை, துப்பவில்லை. மைத்துனன் தன் உள்ளங்கையை அதில் நகலெடுத்து லேத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டான். முன்பணத்துக்கு நான் இருக்கேன் என்று மாமா சொன்னது நடந்துவிட்டதே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நாடா விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பொல்லாதவன், ஆனால் நல்லவன்.

டப்பாக்களைக் கொடுத்தனுப்பியபோது, காந்தத்துக்கு அசையாத அந்த ஒரு கை காசை மட்டும் நான் எடுத்துவைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் பட்டறையில் புதிதாகக் கட்டிய காயிலை வார்னிஷில் முக்கித் தொங்கவிட்டுவிட்டு, அந்தக் காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து வழக்கம்போல் வருடம் பார்க்கக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரலை எடுத்தபோது காசில் புதிதாக ஒரு பழுப்புக் கறை இருந்தது. ரேகையோடு.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காற்றும் ஈரமும் தின்ற கறையாம். நிஜச் செம்பின் அடையாளமாம். என் கட்டைவிரல்தான் அது. இத்தனை வருடம் வாராவாரம் நான் கண்டுபிடித்த பழைய காசெல்லாம் நான் ஏற்கெனவே கண்டுபிடித்த காசுதான். சேர்த்த காசையே திரும்பத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மைத்துனன் லேத்தை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவனிடம் சொன்னால் என்னைப் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

ஆனால் ஒன்று இடித்தது. ஊரைச் சுற்றப் போன காசு வாராவாரம் தவறாமல் கல்லாவுக்கே எப்படித் திரும்பும்? சாயங்காலம் அவளிடம் அந்தக் காசைக் காட்டினேன்.

"இது என் விரல்னு உனக்குத் தெரியுமா?"

"உங்க கை பட்ட கறையை எனக்குத் தெரியாதா? வீடு முழுக்க அதைத்தானே தொடச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு காகிதத்தை அடுக்கிக்கொண்டே மீதியைச் சொன்னாள். காலையில் டப்பாவிலிருந்து அள்ளும்போது கண்ணில் படும் பழுப்புக் காசில் ஒரு கை அளவை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிவைப்பாளாம். ஞாயிற்றுக்கிழமை கல்லாவைக் கவிழ்ப்பதற்கு முன்னால் அதையும் அதில் கலந்துவிடுவாளாம்.

ஏன் என்று கேட்டேன்.

"பழைய காசு தீர்ந்துபோச்சுன்னா நீங்க ஞாயித்துக்கிழமை வந்து உட்கார மாட்டீங்களே. வேற எப்ப நான் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுறது?"

வாரம் முழுக்கப் பட்டறையே கதி என்று கிடந்தவன் நான். தூங்கத்தான் வீட்டுக்கு வருவேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் செம்புக்குச் செலவழிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். புது மெஷின் நன்றாக ஓடுகிறதா என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொறுக்குவதற்கு எதுவும் இல்லை. அவள் அரை ஷட்டரை இழுத்துவிட்டு, என்னை எதிர்பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்ப விளக்கை அணைக்கப் போனாள். நான் குனிந்து உள்ளே நுழைந்தேன். எடுத்துவைத்திருந்த பழைய காசுகளை மேஜைமேல் கொட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தேன், வேண்டுமென்றே கையைக் கழுவவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள், கழுவச் சொல்லாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு. இந்த வாரம் யாரு எதை மெஷினுல மறந்துட்டுப் போனாங்க?" என்றேன்.